மூத்தவாப்பாவின் சைக்கிளை இரும்புக்குப் போட முன்...

2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோதுதான் வீட்டுக்கோடியில் கிடந்த பழைய சைக்கிள்களை நாம் தேடினோம். வரிசை முடிந்தது, இப்போது அவற்றை மறுபடி இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்கிறோம்.

கொடுக்க முன் செயின் வீலைத் துடைத்துப் பார்ப்போம். நாரைத் தலைகள் தெரிந்தால் றலி, இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் கம்பனி. விரித்த கை என்றால் றட்ஜ். ஐந்து மனித உருவங்கள் என்றால் ஹம்பர். ஹம்பர் சைக்கிளை 1932இலும் றட்ஜை 1943இலும் றலியே வாங்கிவிட்டது.

பின் சில்லில் ஸ்டேர்மி ஆர்ச்சர் கியர் ஹப் இருந்தால் அதில் ஆண்டு பொறித்திருக்கும். 58 என்றால் 1958. ஆனால் அது ஹப்பின் வயது மட்டுமே. சில்லு இடையில் மாறியிருக்கலாம்.

பழைய பெயின்றும் சொந்தப் பாகங்களும் இருந்தால்தான் பெறுமதி. புதுப் பெயின்ற் அடித்து அதைக் கெடுக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் இருப்பது எது? படம் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.