காப்புக்காடும் சோலிகரும்

நூல் தொடங்குமுன் காப்புச் செய்யுள் பாடுவது நம் புலவர் மரபு. அதே சொல் வனத்துறை ஏடுகளிலும் 'காப்புக்காடு' என்று வழங்குகிறது. ஆங்கில மூலத்திற்கு 'ஒதுக்கப்பட்ட காடு' என்பதே பொருள். தமிழாக்கியவர் அதனை மங்கலச் சொல்லாக்கிவிட்டார்.

1878-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தைச் சென்னை மாகாணம் ஏற்கவில்லை. விறகும் தழையும் மேய்ச்சலும் ஊராரின் வழக்குரிமை என வாதிட்டவர் வருவாய் வாரியத்து ஆங்கிலேய அதிகாரிகளே என்பது வியப்பிற்குரியது. 1882-இல் நிறைவேறிய சென்னை வனச் சட்டத்தின்முன் அவ்வாதம் நிற்கவில்லை. புகைவண்டிப் பாதைக்குக் கட்டைகளும் விறகும் வேண்டியிருந்தன. காப்புக்காடாக்கக் கருதிய நிலத்தில் உரிமையுடையோர் குறித்த கெடுவுக்குள் முறையிட வேண்டும். முறையிடாதார் உரிமை அற்றுப்போகும். எழுத்தறியா மலைமக்களுக்கு அக்கெடு எவ்வாறு எட்டியிருக்கும்? காட்டுயிர்களைப் பேணும் நன்னோக்கோடு வந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமை விசாரணையில் இப்பழைய தடத்திலேயே நடந்தது.

இதன் விளைவைப் பிளிகிரிரங்கன் மலையிற் காணலாம். இம்மலையின் ஒரு பகுதி அமைந்த கொள்ளேகால் வட்டம், 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கு வாழும் சோலிகர், காட்டைக் குலந்தோறும் 'எல்லெ' எனப் பகுத்து வழிபடுவர். நம் 'எல்லை' என்னும் சொல்லே அது, ஆனால் வேலியன்று. ஒவ்வோர் எல்லெயிலும் தெய்வமும், மாரம்மனும், முன்னோர் புதைகுழிகளும் உள. 'தொட்ட சம்பிகெ' எனும் முதுபெருஞ் செண்பகமரமும் அவர்க்குத் தெய்வமே.

1974-இல் மலை சரணாலயமாயிற்று. உட்காட்டில் வாழ்ந்தோர் ஓரங்களிற் குடியேற்றப்பட்டனர்; காட்டெரிப்பு வேளாண்மை நின்றது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின் தேனும் நெல்லியும் விற்பனைக்குச் சேகரிப்பதும் தடையாயிற்று. ஆண்டின் தொடக்கத்தில் சருகுக்குச் சிறுதீ இடும் தம் வழக்கம் நின்றதனால்தான் உண்ணிச்செடி காட்டை மூடிற்று என்பது சோலிகர் கூற்று. இதனைக் காட்டியல் அறிஞர் சிலரும் மதித்து ஆராய்ந்துள்ளனர். தீயென்றாலே அஞ்சிய அதிகாரிகள் முன்னரே செவிமடுத்திருக்கலாம்.

2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம், மலைமக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதென முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. 2011 தொடக்கத்தில் இம்மலை புலிகள் காப்பகமாக, சோலிகர் மீண்டும் வெளியேற்றத்தை அஞ்சினர். அவ்வாண்டிலேயே அவர்தம் கிராம சபைகளுக்குச் சமூக வனவுரிமைப் பட்டயம் கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றனுள் அவ்வுரிமை ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. அதன்பின் வெளிவந்த கணக்குகளில் புலிகள் பெருகியிருந்தன. பட்டயத்தால்தான் பெருகின என்று நான் துணியேன். மக்கள் இருந்தால் புலி அழியும் என்ற அச்சம் அங்கு மெய்யாகவில்லை என்பதே என் துணிபு.

ஆயினும் ஏட்டின் ஆட்சி ஒழிந்தபாடில்லை. 2019 பிப்ரவரி 13 அன்று, உரிமை மனுத் தள்ளப்பட்டோரை வெளியேற்றுமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. இலக்கக்கணக்கான குடும்பங்கள் கலங்கின. அதே மாதம் 28 அன்று நீதிமன்றமே அவ்வாணையை நிறுத்திவைத்து, மனுக்கள் எம்முறையில் தள்ளப்பட்டன என மாநில அரசுகளை வினவிற்று.