புகைபோக்கிச் சிறுவர்களின் ஒரு நாள் விடுமுறை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மெட்வே நதிக்கரையில் இருக்கும் பழைய ஊர் ராசெஸ்டர். மே மாத முதல் திங்கட்கிழமை பிரிட்டனில் வங்கி விடுமுறை. அதையொட்டி வரும் மூன்று நாட்களும் இந்த ஊரில் 'ஸ்வீப்ஸ் ஃபெஸ்டிவல்' களைகட்டும். தெருவெல்லாம் மாரிஸ் நடனம், நாட்டுப்புற இசை. உடம்பு முழுக்க இலைகளால் மூடிய 'ஜாக் இன் த கிரீன்' என்ற பச்சை மனிதன் ஆடிக்கொண்டு வருவான். சின்னப் பிள்ளைகள் கன்னத்தில் கரி பூசி, கையில் துடைப்பத்தோடு ஊர்வலம் போவார்கள். பெற்றோர் புகைப்படம் எடுத்துக் கொள்வார்கள்.

அந்தக் கரிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

அக்காலத்து ஆங்கிலேய வீடுகளில் குளிர் காய நிலக்கரி எரித்தார்கள். புகைபோக்கிக்குள் கரி படிந்தால் தீப்பிடிக்கும். சில புகைபோக்கிகள் ஒன்பது அங்குல அகலம்தான்! பெரியவர்கள் நுழைய முடியாது. ஆகவே ஐந்து, ஆறு வயதுச் சிறுவர்களை உள்ளே ஏற்றினார்கள். முழங்காலும் முழங்கையும் தேய்ந்து புண்ணாகும். சிலர் உள்ளேயே சிக்கி மூச்சுத் திணறி இறந்தனர். கரியால் இந்தத் தொழிலாளர்களுக்குப் புற்றுநோய் வருகிறது என்று பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் 1775-லேயே எழுதிவிட்டார்.

இதில் வணிகக் கணக்கும் உண்டு. அனாதைச் சிறுவனை வேலைக்கு எடுத்துக்கொள்ள முதலாளிக்குத் திருச்சபை வட்டார நிர்வாகமே பணம் கொடுத்தது. ('ஆலிவர் ட்விஸ்ட்' படித்தவர்களுக்கு ஆலிவரைக் கேட்டு வரும் கேம்ஃபீல்டை நினைவிருக்கும்.) சுரண்டி எடுத்த கரியை விவசாயிகளுக்கு உரமாக விற்றும் முதலாளி சம்பாதித்தார்.

இந்தச் சிறுவர்களுக்குப் பெரிய கொண்டாட்டம் என்றால் அது மே 1 மட்டுமே. அன்று பளபளக்கும் காகிதங்களை ஒட்டிக்கொண்டு தெருவில் ஆடிப்பாடிக் காசு வாங்குவார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1788, 1834, 1840, 1864 என்று வரிசையாகப் போட்டார்கள். 21 வயதுக்குக் கீழே யாரும் ஏறக்கூடாது என்று 1840-லேயே சொல்லியாகிவிட்டது. நீளக் கம்பில் பொருத்திய துடைப்பக் கருவியும் வந்துவிட்டது. ஆனால் வளைந்து வளைந்து போகும் புகைபோக்கிகளை இடித்து மாற்றச் செலவு செய்ய வீட்டுக்காரர்களுக்கு மனமில்லை. வழக்கை விசாரிக்க வேண்டிய நீதிபதிகளின் வீடுகளிலும் அதே புகைபோக்கிகள்தானே!

1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்னில் ஒரு மனநல மருத்துவமனையின் புகைபோக்கியில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் சிக்கினான். சுவரை இடித்து வெளியே எடுத்தார்கள். பிழைக்கவில்லை. அவனுடைய முதலாளிக்கு ஆறு மாதம் கடுங்காவல். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு விடவில்லை. அதே ஆண்டு வந்த சட்டப்படி, இந்தத் தொழில் செய்பவர் காவல்துறையிடம் உரிமம் பெற்றாக வேண்டும். சிறுவனை ஏற்றினால் உரிமம் போகும், பிழைப்பும் போகும். இந்த முறை சட்டம் வேலை செய்தது.

சிறுவர்கள் போனதும் மே தின ஆட்டமும் மெல்ல மெல்ல மறைந்தது. 1900-களின் தொடக்கத்தில் ராசெஸ்டரில் நின்றுபோன விழாவை 1981-ல் கார்டன் நியூட்டன் என்பவர் மீண்டும் தொடங்கினார். மே மாத வங்கி விடுமுறை 1978-ல்தான் வந்திருந்தது என்பதால் அதற்கு வசதியான நாளும் கிடைத்தது.