மூளைக்கட்டி முன்கணிப்பில் ரத்தக் குறிகாட்டிகள்: ஒரு வரலாற்று ஆய்வு

பெரியவர்களின் மூளையில் தோன்றும் புற்றுக்கட்டிகளுள் அதிகம் காணப்படுவது கிளையோபிளாஸ்டோமா. மிகவும் மூர்க்கமானதும் அதுவே. இந்நோய் கண்டவரின் உடல்நிலை எந்தத் திசையில் செல்லும் என்பதை ஒரு குப்பி ரத்தத்தைக் கொண்டு கணிக்க முடியுமா? மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக இக்கேள்விக்கு விடை தேடிவருகிறார்கள். அத்தேடலை இக்கட்டுரை புரதங்கள், வெள்ளையணுக்கள், மரபணுத் துணுக்குகள் என மூன்று கட்டங்களாகப் பகுத்து ஆராய்கிறது. ரத்தம் இதுவரை கட்டியைப் பற்றிச் சொன்னது குறைவு. கட்டியைச் சுமக்கும் உடலையும் அவ்வுடல் பெற்ற சிகிச்சையையும் பற்றிச் சொன்னதே மிகுதி என்பது இதன் முடிபு.

திசுவின் ஆட்சி

1926இல் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் கிளையோபிளாஸ்டோமா உள்ளிட்ட கிளையோமாக் கட்டிகளை உயிரணுக்களின் தோற்றப்படி வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையையும் நோயாளிகளின் ஆயுளோடு பொருத்திக் காட்டினர். அன்று முதல் முன்கணிப்பு நுண்ணோக்கியின் பொறுப்பாயிற்று. 2005இல் ரோஜர் ஸ்டுப் தலைமையிலான குழு 573 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுட்காலம் 12.1 மாதம், டெமோசோலோமைட் மருந்தும் சேர்த்துப் பெற்றோருக்கு 14.6 மாதம். அவ்வாய்வின் துணை ஆய்வு, எம்.ஜி.எம்.டி. மரபணுவின் இயக்கப்பகுதியில் மீத்தைல் ஏற்றம் உள்ளவர்களுக்கே அம்மருந்து பெரிதும் பலனளித்ததைக் காட்டியது. 2008இல் ஐ.டி.எச்.1 மரபணுத் திரிபு கண்டறியப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி அத்திரிபு இல்லாத கட்டியே கிளையோபிளாஸ்டோமா எனப்படும்.

இவை அனைத்துக்கும் கட்டியின் திசு வேண்டும். திசுவுக்கு மண்டையோட்டைத் திறக்க வேண்டும். நினைத்தபோதெல்லாம் அதைச் செய்ய முடியாது. சிகிச்சைக்குப் பிந்தைய எம்.ஆர்.ஐ. படத்திலும் கதிர்வீச்சின் விளைவு கட்டி வளர்ந்ததுபோலவே தோன்றக்கூடும். ஆகவே, மறுபடி மறுபடி எடுக்கத்தக்க ரத்தத்தின் பக்கம் ஆய்வாளர் கவனம் திரும்பியதில் வியப்பில்லை.

தடையும் விதிவிலக்கும்

இம்முயற்சிக்கு உடற்கூற்றிலேயே ஒரு தடை இருந்தது. 1885இல் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் செலுத்தியபோது மற்ற உறுப்புகளில் நிறம் ஏறியது, மூளையில் ஏறவில்லை. 1913இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் சாயத்தை மூளைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தினார். அப்போது மூளையில் மட்டும் நிறம் ஏறியது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே தடுப்பு இருப்பதை இச்சோதனைகள் புலப்படுத்தின. கட்டி அத்தடுப்பை ஓரளவு சிதைத்தாலும், அது உதிர்க்கும் பொருள்கள் மிகச் சிறிய அளவிலேயே ரத்தத்தை எட்டுகின்றன.

விதிவிலக்காக நிற்பவை, பெரும்பாலும் சிறாரையும் இளைஞரையும் தாக்கும் முளையணுக் கட்டிகள். அவற்றுள் சில, ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்தையும் பீட்டா எச்.சி.ஜி. ஹார்மோனையும் மிகுதியாகச் சுரக்கின்றன. ரத்தத்திலோ தண்டுவடத் திரவத்திலோ இவற்றின் அளவு உயர்ந்திருந்தால், திசு எடுக்காமலேயே சிகிச்சையைத் தொடங்குவதுண்டு. கிளையோமாவுக்கு இப்படியொரு நற்பேறு வாய்க்கவில்லை.

முதற்கட்டம்: புரதங்கள்

நரம்புத்தாங்கு உயிரணுக்களில் உள்ள ஜி.எஃப்.ஏ.பி. என்னும் புரதமே இயல்பாக முதலில் கருதப்பட்டது. 2007இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 50 கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தனர். அவர்கள் வகுத்த எல்லை அளவின்படி 76 விழுக்காட்டினரிடம் நோய் புலப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவில் எவரிடமும் அந்த அளவு காணப்படவில்லை. ஆனால் மூளைத் திசு எக்காரணத்தால் சிதைந்தாலும் இப்புரதம் ரத்தத்தில் கலக்கும். மூளைக்குள் ரத்தம் கசிந்தாலும் தலையில் அடிபட்டாலும் அதன் அளவு உயர்கிறது. 2018இல் அமெரிக்காவில் இது அதிகாரபூர்வ ஒப்புதல் பெற்றது லேசான தலைக்காயத்தை மதிப்பிடும் சோதனையின் ஒரு பகுதியாகத்தான். ஒய்.கே.எல்.-40 என்னும் மற்றொரு புரதமும் மூட்டழற்சியிலும் கல்லீரல் நோயிலும் உயர்வதால் தனித்து நிற்க இயலாமற்போயிற்று.

இரண்டாம் கட்டம்: வெள்ளையணுக்கள்

புற்றுத் திசுவில் வெள்ளையணுக்கள் குழுமியிருப்பதை ருடால்ஃப் விர்கோவ் 1863இலேயே குறித்திருந்தார். 1970களில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் வில்லியம் புரூக்ஸ், தாமஸ் ரோஸ்மன் குழுவினர் மூளைக்கட்டி நோயாளிகளின் லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் எண்ணிக்கையிலும் செயலிலும் குன்றியிருப்பதைப் பதிவுசெய்தனர். 2001இல் ஸ்லோவாக்கிய மருத்துவர் ராபர்ட் சஹோரெட்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் நிலையை மதிப்பிட நியூட்ரோஃபில் என்னும் மற்றொரு வகை வெள்ளையணுவின் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுக்கும் எளிய கணக்கை முன்வைத்தார். சாதாரண ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனையே இதற்குப் போதும் என்பதால் புற்றுநோய் ஆய்வாளர்களும் அதை விரைந்து கைக்கொண்டனர். 2013இல் அயர்லாந்திலிருந்து வெளிவந்த ஆய்வொன்றில், சிகிச்சைக்கு முன் இவ்விகிதம் 4க்கு மேல் இருந்த கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம் 7.5 மாதமாகவும் மற்றவர்களுடையது 11.2 மாதமாகவும் இருந்தது.

இந்த எண்ணை அப்படியே ஏற்பதில் ஒரு சிக்கல் உண்டு. 1961இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கேலிசிச்சும் ஃபிரெஞ்சும் மூளை வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோனைப் பரிந்துரைத்தது முதல், மூளைக்கட்டி நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு வழக்கமான மருந்தாகிவிட்டது. அம்மருந்து ரத்தத்தில் நியூட்ரோஃபிலைக் கூட்டும், லிம்போசைட்டைக் குறைக்கும். பெரிய கட்டியும் கடும் வீக்கமும் உள்ளவருக்கே அதிக அளவு கொடுக்கப்படும். எனவே உயர்ந்த விகிதம் கட்டியின் மூர்க்கத்தைக் காட்டுகிறதா, கொடுத்த மாத்திரையைக் காட்டுகிறதா என்று பிரித்தறிவது கடினம். ஸ்டீராய்டே ஆயுளைக் குறைக்கக்கூடும் என்பதற்கு 2016இல் சான்றுகள் வெளியானபின் இக்கேள்வி மேலும் கூர்மையடைந்தது.

சிகிச்சையின் பங்கை ஸ்டூவர்ட் கிராஸ்மன் குழுவின் 2011ஆம் ஆண்டு ஆய்வு தெளிவாக்கியது. கதிர்வீச்சும் டெமோசோலோமைடும் பெற்ற 96 பேரில், இரண்டு மாதத்துக்குள் 40 விழுக்காட்டினரின் சி.டி.4 வகை லிம்போசைட்டுகள் 200க்கும் கீழே இறங்கின. அவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 13.1 மாதம், மற்றவர்களுடையது 19.7 மாதம். முன்னவர்களில் பெரும்பாலோர் இறந்தது தொற்றினாலன்று, கட்டி வளர்ந்ததால். 2018இல் டியூக் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபெச்சி குழு இன்னொரு காரணத்தையும் கண்டது: சிகிச்சை தொடங்குமுன்னரே இந்நோயாளிகளின் லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி-அணுக்கள் எலும்பு மஜ்ஜைக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆக, ஒரே எண் குறைவுக்குப் பின்னால் நோய், மருந்து, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் இருக்கக்கூடும்.

மூன்றாம் கட்டம்: துணுக்குகள்

1948இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மாண்டெலும் மெத்தேவும் ரத்தத்தில் உயிரணுவுக்கு வெளியே மிதக்கும் டி.என்.ஏ.வைக் கண்டறிந்தனர். 2008இல் ஸ்காக் குழுவினர் கிளையோபிளாஸ்டோமா உதிர்க்கும் நுண்குமிழிகளில் கட்டிக்கே உரிய ஆர்.என்.ஏ. இருப்பதை 25 நோயாளிகளில் 7 பேரின் ரத்தத்தில் காட்டினர். ஆனால் 2014இல் சேத்தன் பெட்டகௌடா உள்ளிட்டோர் பலவகைப் புற்றுகளை ஒப்பிட்டபோது, முற்றிய குடல், சினைப்பைப் புற்றுகளில் எளிதில் அகப்பட்ட கட்டி டி.என்.ஏ. கிளையோமாவில் பத்தில் ஒருவரிடம்கூட அகப்படவில்லை. எர்லிக் கண்ட தடையே இங்கும் குறுக்கிட்டது. 2019இல் தண்டுவடத் திரவத்தைச் சோதித்த ஆய்வில் 85 பேரில் 42 பேரிடம் அது கிடைத்தது. அதற்கோ முதுகில் ஊசி குத்தித் திரவம் எடுக்க வேண்டும்.

ஒலியலையால் தடுப்பைச் சற்று நேரம் திறந்து துணுக்குகளை ரத்தத்துக்குள் வரவைக்கும் முயற்சியும், டி.என்.ஏ.வின் மீத்தைல் அமைப்பைக் கொண்டு கட்டி வகையைப் பிரித்தறியும் முயற்சியும் இப்போது நடந்துவருகின்றன. முதல்முறையாகக் கட்டியையே நேரடியாக ரத்தத்தில் படிக்க முயல்பவை என்பதே இம்மூன்றாம் கட்ட முயற்சிகளின் சிறப்பு.

முடிவுரை

வெள்ளையணு விகிதம் குறித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிச் செய்யப்பட்டவை. எல்லை அளவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ரத்தம் எடுத்த நாளின் ஸ்டீராய்டு அளவைக் குறிப்பிடாத ஆய்வின் முடிவை எச்சரிக்கையோடே ஏற்க வேண்டும். மேலும், இடைநிலை என்பது பாதிப்பேர் தாண்டிச் செல்லும் எல்லை. அது ஒரு குழுவின் அளவே தவிரத் தனியொருவரின் நாள் கணக்கு அன்று. ஆய்வுக்கூட அறிக்கையின் ஓரிரு எண்களை வைத்து நோயாளியோ குடும்பத்தாரோ நம்பிக்கையை அளக்க வேண்டியதில்லை. கிளையோமாவின் போக்கைக் கணிப்பதில் இன்றும் முதலிடம் திசுவுக்கும் அதன் மரபணுக் கூறுகளுக்கும், அவற்றோடு நோயாளியின் வயதுக்கும் உடல்திறனுக்குமே உரியது.