கேர்ன் கல்லும் செயற்கைக்கோளும்

காப்புக்காட்டின் எல்லை எங்கே என்று கேட்டால் வெளியாள் வரைபடத்தை விரிப்பார். வனத்துறை சர்வேயர்களாகிய நாங்கள் கேர்னைக் காட்டுவோம். காட்டு விளிம்பு நெடுகக் கருங்கல்லைக் குவித்து நம்பர் போட்டு வைத்த அடையாளம் அது. 1882-ஆம் வருடத்துச் சென்னை வனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் வெளியான பழைய அறிவிக்கைகளைப் படித்தால், இந்தக் கேர்னிலிருந்து அடுத்த கேர்னுக்கு இத்தனை டிகிரியில் இத்தனை சங்கிலி என்று எல்லை நடந்துகொண்டே போகும். ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 லிங்க்ஸ். சட்டத்தின் கண்ணில் காடு என்பது இந்த நடைதான்.

அந்த நடையைத் திரும்ப நடப்பதே எங்கள் பிழைப்பு. கையில் பிரிஸ்மாட்டிக் காம்பஸ், சங்கிலி பிடிக்க இரண்டு ஆள், முன்னால் அரிவாளோடு ஒரு வாட்சர். சரிவில் சங்கிலியைத் தரையோடு கிடத்தி அளக்கக் கூடாது. மட்டமாகப் பிடித்து, துண்டு துண்டாக இறங்க வேண்டும். இடுப்பில் தொங்கும் அரிவாளைக் காம்பஸ் பக்கத்தில் கொண்டுவந்தால் முள் திரும்பிவிடும் என்று வாட்சரைத் தள்ளி நிற்கச் சொல்வோம். அளந்ததைச் சரிபார்க்க 1:50,000 அளவிலான டோப்போ ஷீட் என்ற நில வரைபடம். அதில் 1 செ.மீ. என்றால் தரையில் 500 மீட்டர். பென்சில் முனை கொஞ்சம் மழுங்கினாலே ஒரு ஓடையின் அக்கரைக்கும் இக்கரைக்கும் வித்தியாசம் தெரியாது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் உரிய அந்த ஷீட்டுகள் 58 என்ற எண்ணில் தொடங்கும். அவற்றின் பூர்வீகம் சென்னை. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன், மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான ஒரு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். அளந்து முடிக்க 57 நாள். அவர் பயன்படுத்திய 100 அடி எஃகுச் சங்கிலி சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாமென்று சொன்னதால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பொருள். கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட் அரை டன் கனம். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. லாம்டனே அதைப் பிரித்து ஆறு வாரத்தில் தட்டிச் சீராக்கினார்.

அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இப்படிச் சேர்ந்த அளவுகளை வைத்து 1830-இல் பூமியின் வடிவத்தையே கணக்கிட்டார். இந்தியாவுக்குப் பாந்தமாகப் பொருந்திய பூமி அது. நம் டோப்போ ஷீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அந்தப் பூமியின்மேல் போட்ட கோடுகள்.

பிற்காலத்தில் அமெரிக்க ராணுவம் வேறொரு பூமியைக் கட்டியது. ஜி.பி.எஸ்ஸுக்கான முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏறியது. 24 கோள்களோடு அமைப்பு முழுமையானது 1995-இல். அவை சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் உலகம் முழுவதையும் சுற்றுவதால், ஒரு நாட்டுக்கு மட்டும் பொருந்தும் பூமி அவற்றுக்குப் போதாது. டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற புதிய பூமி வந்தது. அதன் நிலநடுக்கோட்டு ஆரம் எவரெஸ்ட் சொன்னதைவிட 860 மீட்டர் அதிகம். இரண்டு பூமிகளின் மையமும் ஒன்றல்ல.

கைக்கருவிகள் வந்த புதிதில் இந்த வித்தியாசம் யாருக்கும் உறைக்கவில்லை. பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும்; பூமிகளின் வித்தியாசம் அதற்குள் மறைந்துபோனது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டனின் உத்தரவால் அந்தக் கலப்படம் நின்றது. ஒரே இரவில் உலகத்துக் கருவிகள் எல்லாம் பத்து, இருபது மீட்டருக்குள் சொல்லத் தொடங்கின.

சங்கடம் அதற்கப்புறம்தான். மஞ்சள் நிற இ-ட்ரெக்ஸ் கைக்கருவியைக் கேர்ன் தலையில் வைத்து, நாலு கோள் கிடைக்கும் வரை பொறுத்திருந்து, வந்த எண்ணை ஷீட்டில் குறித்தால் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். காட்டுக்குள் இருக்கிற கல், காகிதத்தில் பக்கத்து எஸ்டேட்டுக்குள் நிற்கும். மறுபடி எடுத்தாலும் அதே அளவு, அதே திசை. கருவி கோளாறு என்றார் ஒருவர், கல்லை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்றார் இன்னொருவர். விடை செட்டிங்ஸில் இருந்தது. எந்தப் பூமியின் கணக்கு என்பதைச் சொல்லும் டேட்டம் என்ற வரியில் 84-ஐ மாற்றி, ‘இந்தியன்’ என்று தொடங்கும் பெயரைத் தேர்ந்தெடுத்தால், நின்ற இடத்தில் நிற்கும்போதே திரையின் எண்கள் மாறும். புள்ளி கேர்னுக்குத் திரும்பும். கல்லும் சரி, கருவியும் சரி. நாங்கள் புதுப் பூமியின் எண்ணைப் பழைய பூமியின் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தோம்.

சாலையில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எட்டியதே இல்லை. 1985-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஈடாக் என்ற கார் வழிகாட்டியில் செயற்கைக்கோளே கிடையாது. சக்கரம் சுற்றியதையும் காம்பஸையும் வைத்துக் கணக்குப் போட்டு, கேசட்டில் இருந்த வரைபடத்தின் தெருவோடு காரைப் பொருத்திவிடும். இன்றைய செல்போன் வழிகாட்டியும் அப்படித்தான்: புள்ளி வயலுக்குள் விழுந்தாலும் இழுத்துச் சாலையில் வைத்துவிடும். காட்டில் இழுத்து வைக்கச் சாலை ஏது?

அங்கே வேறு சிக்கல். நனைந்த சோலை மரங்களின் இலைக்கூரை சிக்னலை விழுங்கும்; பாறைத் திட்டு தேடி வெளியே வர வேண்டும். 2006 வாக்கில் வந்த ஜி.பி.எஸ்.மேப் 60 சி.எஸ்.எக்ஸ் போன்ற கருவிகளின் கூர்மையான சிப்தான் மரத்தடியிலும் வேலை செய்தது. டேட்டம் தொல்லையைப் பொறுத்தவரை, 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கான புதிய ஷீட்டுகளை 84-க்கே மாற்றியது. புலிகள் காப்பகங்களுக்கு 2010-இல் எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற கண்காணிப்பு முறை வந்தபின் காவலர் நடக்கும் ரோந்தே கோடாகப் பதிவாகிறது.

இப்போது பையன்கள் போனை நீட்டி எண்ணை எடுக்கிறார்கள். டேட்டம் பற்றிக் கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வருவதில்லை. எல்லைத் தகராறு என்று வரும்போதுதான் வரும். மேசைக்கு வரும் ரெக்கார்டில் சங்கிலிக் கணக்கும் இருக்கும், எவரெஸ்ட் ஷீட்டும் இருக்கும், அவசரத்தில் எழுதிய ஜி.பி.எஸ். எண்ணும் இருக்கும். எந்தப் பூமியின் எண் என்று எழுதாமல் விட்ட எண், ஏழு தசம இடம் வரை துல்லியமாக இருந்தாலும் சாட்சிக்கு உதவாது. பயிற்சிக்கு வரும் புதியவர்களிடம் நான் வற்புறுத்துவது இவ்வளவுதான்: எண்ணை எழுதும் வரியிலேயே டேட்டத்தின் பெயரையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.