தமிழ் வெகுசனக் காதல் புதின ஆய்வு

தமிழ் வெகுசனக் காதல் புதின ஆய்வு என்பது பெருந்தொகையான வாசகர்களுக்காக எழுதப்படும் காதல் கதைகளையும், அவை அச்சாகி விற்பனையாகும் முறையையும், அவற்றைப் படிப்போரின் வாசிப்புப் பழக்கத்தையும் கல்விசார் முறையில் ஆராயும் துறையாகும். இலக்கியத் திறனாய்வு, சமூகவியல், பெண்ணியம், நூல் வரலாறு ஆகிய துறைகள் இதில் சந்திக்கின்றன. மேலைநாடுகளில் 1980களில் உருப்பெற்ற இத்துறை, தமிழில் இன்னும் தனிப்பெயர் பெற்ற பாடமாக வளரவில்லை. எனினும் இதற்கு வேண்டிய மூலங்கள் தமிழில் நிறையவே உள்ளன. அவற்றுள் இரண்டு பழைய இராமநாதபுரச் சீமையோடு தொடர்புடையவை. ஒன்று, சேதுபதி மன்னர் மீது பாடப்பட்ட ஒருதுறைக்கோவை. மற்றொன்று, முன்னாள் இராமநாதபுரம் மாவட்டத்துக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த நூல் தொகுதி.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘ரொமான்ஸ்’ என்னும் சொல் இரு பொருள்களில் வழங்குகிறது. வீரமும் வியப்பும் கலந்த இடைக்காலக் கற்பனைக் கதையும் ரொமான்ஸ்தான், இருவர் காதலித்து இணையும் இக்காலக் கதையும் ரொமான்ஸ்தான். இந்த இரட்டைப் பொருள் தமிழிலும் குழப்பத்தை உண்டாக்கியுள்ளது. எழுத்தாளர் ஜெயமோகன் இச்சொல்லுக்கு ‘மிகுகற்பனை’ என்னும் தமிழாக்கத்தைக் கையாண்டு, பொழுதுபோக்குப் புதினங்களை வரலாற்று மிகுகற்பனை, சமூக மிகுகற்பனை எனப் பிரித்தார். சாண்டில்யனின் வரலாற்றுக் கதைகள் முதல் வகையிலும் குடும்பக் காதல் கதைகள் இரண்டாம் வகையிலும் அடங்கும். இக்கட்டுரை பெரிதும் இரண்டாம் வகையைப் பற்றியது.

உலக அளவில்

காதல் புதினங்கள் நெடுங்காலம் ஆய்வுக்குத் தகுதியற்றவை எனக் கருதப்பட்டன. லண்டனில் 1908இல் தொடங்கப்பட்ட மில்ஸ் அன் பூன், கனடாவில் 1949இல் தொடங்கப்பட்ட ஹார்லெக்வின் ஆகிய பதிப்பகங்கள் இவற்றைத் தொழிற்சாலைப் பொருள்போல் ஒரே அளவிலும் ஒரே விலையிலும் வெளியிட்டதும் இந்த எண்ணத்துக்கு ஒரு காரணம். இரு நிறுவனங்களும் 1971இல் இணைந்தன.

டானியா மாட்லெஸ்கி 1982இலும் ஜேனிஸ் ராட்வே 1984இலும் வெளியிட்ட நூல்கள் இந்நிலையை மாற்றின. ராட்வே கதைகளை மட்டும் படித்து முடிவுகூறாமல், அமெரிக்க நகரம் ஒன்றில் ஒரே புத்தகக்கடையைச் சார்ந்திருந்த பெண் வாசகர்கள் ஏறத்தாழ 40 பேரிடம் கேட்டறிந்தார். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஓயாது பணிசெய்யும் பெண்கள், புத்தகத்தை விரித்து அமரும் நேரத்தைத் தமக்கே உரிய நேரமாகக் கொள்கின்றனர் என்பது அவர் கண்ட முதன்மையான உண்மை. கதை பழைய ஒழுங்கை வலியுறுத்துவதாக இருந்தாலும், படித்தல் என்னும் செயலில் ஒரு சிறிய மறுப்பு இருக்கிறது என்றார். இவ்வகைப் பெண்களை அவர் சற்றுப் பரிதாபத்தோடு பார்க்கிறார் என்னும் மறுப்பு பின்னர் எழுந்தது.

பமேலா ரெஜிஸ் 2003இல் காதல் புதினத்தின் இன்றியமையாத கூறுகள் எட்டு என வகுத்தார். சந்திப்பு, ஈர்ப்பு, தடை, காதலை வெளியிடுதல், எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும் கட்டம், திருமண உறுதி முதலியன அவற்றுள் அடங்கும். இத்துறைக்கெனத் தனி ஆய்விதழ் 2010இல் தொடங்கியது. இந்தியாவில் ஜோதி பூரி 1997இலும், ராதிகா பரமேசுவரன் 1999, 2002 ஆகிய ஆண்டுகளிலும் வெளியிட்ட ஆய்வுகள் முன்னோடிகளாகும். பரமேசுவரன் ஐதராபாத்தில் கல்லூரி மாணவியரிடையே களஆய்வு செய்தார். ஆனால் இவ்விருவரும் எடுத்துக்கொண்டவை ஆங்கிலத்தில் வந்த மேலைநாட்டுக் கதைகள். இந்திய மொழிகளில் எழுதப்பட்டு, பல மடங்கு கூடுதலான பெண்கள் படித்த கதைகள் அப்போதும் வெளியே நின்றன.

தமிழில் காதல் புதினமும் கண்டனமும்

தமிழில் புதினம் தோன்றிய சில பத்தாண்டுகளுக்குள்ளேயே புதினம் படிப்பது கெடுதல் என்னும் குரலும் எழுந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் நூல்கள் பெருவாரியாக விற்றன. ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளரின் கதைகள் தழுவி எழுதப்பட்டன. இத்தகைய கதைகள் இளைஞரையும் குறிப்பாகப் பெண்களையும் கெடுக்கும் என்று அக்காலப் பத்திரிகைகளில் கட்டுரைகள் வந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தனித்தமிழ் இயக்கத்தின் தலைவரான மறைமலையடிகளும் ரெயினால்ட்சின் கதை ஒன்றைத் தழுவி ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்னும் புதினத்தை எழுதினார். கடித வடிவில் அமைந்த ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ என்னும் காதல் புதினமும் அவருடையதே.

பெண்களுக்காகப் பெண்ணே எழுதும் வெகுசனக் கதை வை. மு. கோதைநாயகியிடம் (1901–1960) முழு உருவம் பெற்றது. இவர் 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். 115 புதினங்கள் எழுதியதாகக் கணக்கிடப்படுகிறது. அடுத்த தலைமுறையில் மருத்துவரான லட்சுமி (திரிபுரசுந்தரி, 1921–1987) பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றார். ‘ஒரு காவிரியைப் போல’ என்னும் புதினத்துக்காக அவருக்கு 1984இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. வெகுசன எழுத்துக்கும் இலக்கியத்துக்கும் இடையே விமரிசகர்கள் இட்ட கோடு அவ்வளவு உறுதியானது அன்று என்பதற்கு இது ஒரு சான்று.

‘ராணி முத்து’, ‘மாலைமதி’ முதலான மாதப் புதின இதழ்கள் வந்தபின் முழுக்கதை ஒன்று பெட்டிக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைத்தது. இந்தக் காலத்தில் எழுந்தவர்களுள் மிகுதியாக வாசிக்கப்பட்டவர் ரமணிசந்திரன். இவர் 150க்கும் மேற்பட்ட புதினங்களை எழுதியுள்ளார். இவ்வகைப் புதினங்களில் செல்வமும் கடுமையும் உடைய நாயகன், தன்மானமுள்ள நாயகி, இருவருக்குமிடையே ஒரு தவறான எண்ணம், அதைத் தீர்க்கும் ஒரு நிகழ்ச்சி என்னும் அமைப்பு திரும்பத் திரும்ப வரும். பல கதைகளில் திருமணம் இறுதியில் வராமல் நடுவிலோ தொடக்கத்திலோ வந்துவிடுகிறது. காதல் அதன் பிறகே மலர்கிறது. ரெஜிசின் வாய்பாடு திருமண உறுதியை நோக்கிச் செல்வது. எனவே மேலைநாட்டு அளவுகோலை அப்படியே எடுத்துத் தமிழ்க் கதைகளை அளக்க இயலாது.

தமிழ் ஆய்வுகள்

க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968), சிட்டியும் சிவபாதசுந்தரமும் எழுதிய ‘தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்’ (1977) ஆகியவை புதின வரலாற்றின் அடிப்படை நூல்கள். இவை புதினம் என்னும் வடிவத்தை முழுமையாக நோக்குபவை. காதல் கதை அவற்றின் தனிப் பொருள் அன்று.

பெண் எழுத்தாளர்களை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்ந்தவர் சி. எஸ். லட்சுமி. இவரே அம்பை என்னும் பெயரில் சிறுகதைகள் எழுதுபவர். தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றிய இவரது ஆங்கில நூல் 1984இல் வெளிவந்தது. ராட்வேயின் நூலும் அதே ஆண்டில் வந்தது தற்செயலே. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். வெகுசனப் பெண் எழுத்தாளர்கள் பெண்மை பற்றிய மரபான படிமத்தையே மீண்டும் மீண்டும் வரைந்தனர் என்று லட்சுமி எழுத்திலிருந்து காட்டினார். ராட்வேயோ வாசகரிடம் சென்றார். தமிழில் முதல்வகை ஆய்வு தொடர்ந்து நடைபெற்றது, இரண்டாம் வகை அரிதாகவே நடந்தது.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ (2002) இதில் ஒரு திருப்பம். ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் பழக்கம் குறைந்து, தனியே அமர்ந்து மௌனமாகப் படிக்கும் பழக்கம் புதினத்தோடு எவ்வாறு பரவியது என்பதை இந்நூல் ஆராய்கிறது. பெண் தனியே படிக்கிறாள் என்பதே அக்காலத்தவரின் அச்சத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. தெருவில் விற்ற மலிவுப் பதிப்புகளைப் பற்றிய அவரது ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) நூலும் இத்தொடர்பில் கருதத்தக்கது.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வெகுசன எழுத்தாளர்கள் பற்றி அளிக்கப்பட்ட ஆய்வேடுகள் பல உள்ளன. பெரும்பாலும் ஓர் எழுத்தாளரின் சில புதினங்களை எடுத்து, பாத்திரப்படைப்பு, உத்தி, சமுதாயச் சிக்கல் எனத் தலைப்பிட்டு வகைப்படுத்துவதே அவற்றின் முறை. அச்சுப் படிகள் எத்தனை, யார் வாங்கினர், எப்படிக் கைமாறின என்னும் வினாக்கள் அவற்றில் இடம்பெறுவது குறைவு. ஆங்கில வாசகரிடம் இக்கதைகளைக் கொண்டுசென்றதில் ராகேஷ் கன்னா தொகுத்து, பிரீதம் சக்கரவர்த்தி மொழிபெயர்த்து, பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் வெளியிட்ட தமிழ் வெகுசனக் கதைத் தொகுப்புக்குப் பங்குண்டு. அதில் ரமணிசந்திரன், ராஜேஷ்குமார், வித்யா சுப்பிரமணியம் முதலியோர் இடம்பெற்றனர்.

ஒரே கதை என்னும் குற்றச்சாட்டும் ஒருதுறைக்கோவையும்

காதல் புதினங்கள் மீது சாற்றப்படும் முதற்குற்றம், எல்லாம் ஒரே கதை என்பது. தமிழ் மரபை அறிந்தவருக்கு இக்குற்றம் சற்று வியப்பளிக்கும். அகப்பொருள் இலக்கணம் காதலைத் துறை துறையாக வரிசைப்படுத்திய ஒன்று. தலைவன் தலைவியைக் காண்கிறான், தோழி உதவுகிறாள், ஊர் அலர் தூற்றுகிறது, தலைவி இற்செறிக்கப்படுகிறாள், வேற்றார் மணம்பேச வருகின்றனர், தோழி அறத்தொடு நிற்கிறாள், உடன்போக்கோ வரைவோ நிகழ்கிறது. காதலர்க்குப் பெயர் கூட்டுவதும் விலக்கு. இவ்வரிசையை அப்படியே பின்பற்றிப் பாடப்படுவது கோவை. திருக்கோவையாரும் தஞ்சைவாணன் கோவையும் இவ்வகையின.

17ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரத்தை ஆண்ட இரகுநாத சேதுபதி மீது அமிர்த கவிராயர் பாடிய ஒருதுறைக்கோவை இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. தலைவி நாணத்தால் தன் கண்களைக் கைகளால் மறைக்கும் ‘நாணிக்கண் புதைத்தல்’ என்னும் ஒரே துறையின்மேல் 400 பாடல்கள் அமைந்துள்ளன. நிகழ்ச்சி நகர்வதே இல்லை. ஒரே கணத்தை நானூறு வழிகளில் சொல்வதே புலமையின் அளவாகக் கொள்ளப்பட்டது. சேதுவுக்கு உரியவராக மன்னர் பாட்டுடைத் தலைவராகப் போற்றப்படுகிறார். காதலிக்கும் கிளவித்தலைவர் வேறு.

அரசவைப் பாடலையும் மாதப் புதினத்தையும் ஒன்றாக்க முடியாது. முன்னது புரவலர் ஒருவருக்காகக் கற்றோர் நடுவே அரங்கேறியது, பின்னது முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர்க்கு விற்கப்படுவது. கோவையின் பாடல்கள் ஆணின் கூற்றாக அமைய, இக்காலப் புதினம் பெரும்பாலும் பெண்ணின் பார்வையில் நகர்கிறது. ஆனால் முன்பே தெரிந்த கதையை விரும்பிப் படிப்பது கல்லாதவரின் பழக்கம் என்னும் வாதம் இங்கே நிற்காது. அடுத்து என்ன நிகழும் என்பதைவிட இம்முறை எப்படி நிகழும் என்பதே இருவகை வாசகரின் ஆவலாக இருக்கிறது. துறை என்னும் கருத்தைக் கொண்டு வெகுசனக் காதல் புதினங்களை ஆராய்வது, இறக்குமதியான வாய்பாடுகளைவிடப் பொருத்தமாக இருக்கக்கூடும்.

இதே கடற்கரையின் கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத் தமிழில் எழுதிய ‘மதீனத்துன் நுஹாஸ்’ என்னும் உரைநடைக் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. தாமிரப் பட்டணம் பற்றிய இக்கதை காதல் புதினம் அன்று. ஆயினும் 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நூலுக்கு முற்பட்டது என்று கூறி இதனையே முதல் தமிழ்ப் புதினமாகக் கொள்வோரும் உளர். எழுத்து வடிவம் வேறாக இருந்ததால் ஒரு வாசகர் உலகமே புதின வரலாற்றில் இடம்பெறாமல் போகலாம் என்பதை இந்த விவாதம் காட்டுகிறது.

மூலங்களும் அவற்றின் அழிவும்

இத்துறையின் பெரிய இடர்ப்பாடு மூலங்கள் கிடைக்காமையே. மாதப் புதினங்கள் மலிந்த தாளில் அச்சாயின. படித்தபின் அடுத்த வீட்டுக்குச் சென்றன, இறுதியில் பழைய தாளாக எடைக்குப் போயின. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்துவைத்த பெண்களே பல கதைகளின் முதல் காப்பாளர்கள். அட்டைப்படம், ஓவியம், பக்கத்து விளம்பரம் ஆகியவை பின்னாளைய நூற்பதிப்பில் இருக்கா. வாடகை நூலகங்களின் பேரேடுகள் கிடைத்தால் யார் எதை எத்தனை முறை எடுத்தார் என்று அறியலாம். அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்னும் எண்ணம் பெரும்பாலும் எவருக்கும் தோன்றவில்லை.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா இதற்கு விதிவிலக்கு. 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இவ்வூர் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. அறிஞர்கள் போற்றிய நூல்களோடு நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், மலிவுப் புதினம், வார இதழ் என எதையும் ஒதுக்காமல் அவர் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் தொகுதியை வாங்கியது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றியது. தொடக்கத்திலேயே ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் அதில் இருந்தன. தமிழ் வெகுசனப் பண்பாட்டைப் பற்றி ஆராய்வோர் இன்று முதலில் செல்லும் இடங்களுள் அதுவும் ஒன்று.

2010களுக்குப் பின் காதல் கதைகள் பெருமளவில் பிரதிலிபி போன்ற செயலிகளுக்கும் மின்னூல்களுக்கும் இடம்பெயர்ந்தன. வாசகரே எழுத்தாளராக மாறியது இக்காலத்தின் புதுமை. அத்தியாயத்தின் கீழ் வாசகர் இடும் கருத்துகள் ராட்வேக்குக் கிடைக்காத வகைச் சான்றுகள். ஆனால் எழுத்தாளர் கதையை நீக்கிவிட்டால் அக்கருத்துகளும் உடன் மறைந்துவிடுகின்றன. நூலாக அச்சேறும்போது பல ஆசிரியர்கள் அவ்வாறே நீக்கிவிடுவது வழக்கம்.