ஆர் மொழியில் வரைபடங்களைக் கோப்பாகச் சேமித்தல்

ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் தரவுகளிலிருந்து வரையப்படும் படத்தைக் கோப்பாகச் சேமிப்பது, திரையில் தெரிவதை அப்படியே பிடித்து வைக்கும் செயலன்று. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய இம்மொழி, படம் வரையப்படும் இடத்தை 'வரைகலைச் சாதனம்' என்று கொள்கிறது. திரைச் சாளரம் ஒரு சாதனம் என்றால், கோப்பும் அதற்கு நிகரான இன்னொரு சாதனமே. ஆதலால் பிஎன்ஜி, பிடிஎஃப் போன்ற கட்டளையால் கோப்பை முதலில் திறந்து, படத்தை அதில் வரைந்து, டெவ்.ஆஃப் என்னும் கட்டளையால் மூட வேண்டும். மூடாமல் விடப்பட்ட கோப்பு முழுமை பெறாது; பல வேளைகளில் அதைத் திறக்கவும் இயலாது.

படத்தின் அளவை வரைவதற்கு முன்பே முடிவு செய்வதுதான் இம்முறையின் உயிர்நாடி. பிஎன்ஜி சாதனம், வேறு குறிப்பு இல்லாதபோது, அகலமும் உயரமும் 480 பிக்சல் கொண்ட படத்தை, அங்குலத்துக்கு 72 பிக்சல் என்ற அடர்த்தியில் தருகிறது. அச்சுக்கு இது போதாது என்று அகலத்தை மட்டும் 2100 பிக்சலாக உயர்த்தினால், எழுத்துகள் முன்பிருந்த பிக்சல் அளவிலேயே நின்று, அச்சில் படிக்க முடியாதபடி சிறுத்துவிடும். அகலத்தை 7 அங்குலம் என்றும் அடர்த்தியை 300 என்றும் குறித்தால் அதே 2100 பிக்சல் கிடைப்பதோடு, எழுத்தும் கோடும் உரிய விகிதத்தில் அமையும். ஆரில் படம் வரைய உதவும் ஜிஜிபிளாட்2 தொகுப்பின் ஜிஜிசேவ் கட்டளை 300 என்ற அடர்த்தியைத் தானே மேற்கொண்டாலும், அளவு குறிக்கப்படாவிடில் அப்போது திறந்துள்ள சாளரத்தின் அளவையே எடுத்துக்கொள்வதால், ஒரே நிரல் இரு கணினிகளில் இரு வேறு படங்களைத் தரக்கூடும்.

கோடுகளையும் வடிவங்களையும் கணித விவரிப்பாகவே பதிந்துவைக்கும் பிடிஎஃப், எஸ்விஜி வடிவங்கள் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்குவதில்லை. ஆயினும் பல லட்சம் புள்ளிகள் கொண்ட சிதறல் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே பதிவாவதால் கோப்பு பெருத்துவிடும் என்பதால், அங்கு பிஎன்ஜியே ஏற்றது. ஜேபெக் வடிவம் ஒளிப்படங்களுக்கு உரியது. மெல்லிய கோடுகளையும் எழுத்துகளையும் சுற்றி அது கறைபோன்ற சிதைவை உண்டாக்கும்.

வரைபடத்தின் கிடை, நிலை அச்சுகளுக்குத் தமிழில் பெயரிடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆரின் வழக்கமான பிடிஎஃப் சாதனம் குறுகிய எழுத்துக் குறியாக்கங்களையே கையாள்வதால் தமிழ் எழுத்துகள் அதில் சரியாக வருவதில்லை. கெய்ரோ வரைகலை நூலகத்தைச் சார்ந்த கெய்ரோ_பிடிஎஃப் சாதனம், எழுத்துகளின் அமைப்பைக் கவனிக்கும் பாங்கோ நூலகத்துடன் இயங்கும் கணினிகளில், தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருந்தால், கொம்பும் காலும் தத்தம் இடத்தில் அமையத் தமிழை வரைகிறது.