'டமாஸ்கஸ்' கத்தி வாங்கப் போறீங்களா? முதலில் தஞ்சாவூர் கட்டாரியைப் பாருங்க

ஆண்டர்சன்பேட்டையில் இருந்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? வழியில் இப்படி ஒரு ரீல் கண்ணில் பட்டிருக்கலாம்: அலை அலையாகக் கோடு ஓடும் கத்தி, கொடியும் பூவும் செதுக்கிய கைப்பிடி, மேலே 'டமாஸ்கஸ்' என்ற பெயர், கீழே ஆயிரங்களில் விலை. பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதோ.

அந்த அலைக்கோடு எப்படி வருகிறது?

இன்று விற்பது பெரும்பாலும் அடுக்கு எஃகு. இருவகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, சூடாக்கி, அடித்து ஒன்றாக்குவார்கள். பிறகு அமிலத்தில் நனைத்தால் ஒரு வகை கறுக்கும். நிக்கல் கலந்த மற்றது வெளுப்பாகவே நிற்கும். அதுதான் கோடு.

பழைய டமாஸ்கஸ் வாள்களின் எஃகு வேறு. மண் மூசையில் இரும்போடு கரியும் இலையும் வைத்து மூடி, உருக்கி, மெதுவாக ஆறவிட்டு எடுத்தது. தென்னிந்தியாவில் இருந்து மேற்காசியாவுக்கு ஏற்றுமதியான சரக்கு அது. ஆங்கிலேயர் அதை 'வூட்ஸ்' என்றார்கள். கன்னட 'உக்கு', தமிழ் 'உருக்கு' ஆகிய சொற்களின் உறவு அது. அதாவது பெயர்தான் சிரியா நகரத்துடையது. சரக்கு நம்ம பக்கத்தது.

அலங்காரம் புதுசா?

இல்லை. 16, 17ஆம் நூற்றாண்டு தஞ்சாவூர் கட்டாரிகளைப் பாருங்கள். குறுக்குப் பிடியை முஷ்டியில் இறுக்கிக் குத்தும் ஆயுதம் இது. கையை மறைக்கும் இரும்புக் கவசத்தில் யாளி, மகரம், பூவேலை எல்லாம் உண்டு. கோயில் தூணில் கல்லில் பார்ப்பதை இரும்பில் செதுக்கியிருக்கிறார்கள்.

சுவாரசியம் என்னன்னா, பல கட்டாரிகளில் அலகு ஐரோப்பாவில் இருந்து வந்தது. கடல் வழியாக வந்த வாள் அலகை வெட்டி, உள்ளூர்ப் பிடியில் தறையடித்துப் பொருத்தினார்கள். இன்றைய 'கஸ்டம்' வேலையும் இதேதான்: அலகு ஒரு ஊர், கைப்பிடி ஒரு ஊர்.

அவை இப்போது எங்கே?

1855இல் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அரசு கம்பெனியின் கைக்குப் போனது. பின்னர் அரண்மனை ஆயுதக் கிடங்கும் கலைக்கப்பட்டது. ஒரு பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் தஞ்சைக் கட்டாரிகள் உண்டு. வாங்க ஆளில்லாமல் போனால் கைவேலை நிற்காது. அந்த ரீல் கத்தியைச் செய்கிறவருக்கும் இது பொருந்தும்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

• கோடு கத்தியின் முதுகிலும் தொடர்கிறதா? பக்கவாட்டில் மட்டும் இருந்தால், மேலே அச்சிட்டதாக இருக்கலாம்.

• என்ன எஃகு, எப்படிப் பதம் போட்டது என்று கேளுங்கள. கூர்மை நிற்பது பதத்தால், கோட்டால் அல்ல.

• நீளத்தை அளந்து பாருங்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு ஆயுத விதிகளுக்குள் வரும். வீடு, விவசாயம், தொழில் உபயோகத்துக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. சமையல் கத்தி பிரச்னை இல்லை. அலங்காரக் குத்துவாள் என்றால் யோசித்து வாங்குங்கள்.